படியும் தாள்

லோர்னாவுக்குச் சனிக்கிழமை விடியலில் விமானம்.
அதுவரைக்கும்தான் இந்தத் தாள் என் கையில்.
நாலாக, எட்டாக, பதினாறாக மடித்து
மடிப்பெல்லாம் வெளுத்துப்போன ஒற்றைத் தாள்.
அதற்குள் பதினோரு உடுப்புகள்
ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன,
எங்கள் அறையின் அடுக்குக் கட்டில்களைப் போல.
சிவப்புக் கோடு கவுன். பச்சை, குழந்தைக்கு.
புள்ளி வைத்துப் போவது நாற்பத்திரண்டு,
புள்ளியும் கோடுமாகப் போவது நாற்பத்தி நாலு.
வெட்டக் கூடாது, குண்டூசித் துளைகூட ஆகாது என்றாள்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வியாழன் இரவு, மனாமாவில்,
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எதில் படி எடுப்பது என்று உட்கார்ந்தேன்.

பட்டர் பேப்பர் இருந்தது, சுருளாக.
பார்க்க நல்ல பிள்ளை. பென்சிலுக்கு இணங்கும்.
ஆனால் ஆகஸ்ட் மாதத்துக் காற்றைக்
கதவிடுக்கில் குடித்துக் குடித்து
ஓரமெல்லாம் அலையடித்துவிடும்.
ஏசியைப் போட்டால் அப்பளம்.
காலையில் ஏழரை அங்குலம் இருந்த கைக்குழி
மாலையில் ஏழரையும் ஒரு நூலும் என்று சாதிக்கும்.

பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடுகிற தாள்:
மெழுகில் பேனா சறுக்கியது.

ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை ஞானசிகாமணிக்கு.
பரிசோதனைக் கட்டிலில் விரிக்கும் வெள்ளைச் சுருளில்
மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.
மெல்லிசு. சொன்னபடி கேட்கிறது.
அகலம்தான் ஒரு மனிதன் மல்லாந்து படுக்கிற அளவு;
கவுனின் கீழ்வட்டம் அதில் அடங்காது.
ஒட்டுப் போடலாம்.
ஒட்டுக்கு ஒட்டு ஒரு பொய் சேரும்.

பக்கீர் மீரானின் கம்பெனி மூடியபோது
அலமாரியோடு வந்த வரைபடத் தாள்கள்:
கண்ணாடி மாதிரி, இழுத்தாலும் கிழியாது.
இதுதான் என்று கழுத்து வளைவைத் தொடங்கி
பாதியில் நிறுத்தினேன்.
அதில் ஏற்கெனவே யாரோ போட்ட பதினாலாம் மாடி.
என் தோள்பட்டை எங்கே முடிகிறது,
அவர்கள் படிக்கட்டு எங்கே ஏறுகிறது, புரியவில்லை.
கட்டாமல் போன கட்டிடம்தான்.
என்றாலும் கோடு கோடுதானே.

மணி ஒன்றரை.
எதிர்க் கடையில் அரை தினாருக்கு வாங்கியிருந்த
சாப்பாட்டு விரிப்பு ஞாபகம் வந்தது, அந்தப் பிளாஸ்டிக் சுருள்.
பென்சில் ஏறாது, சாக்கு ஒட்டாது.
தேய்ப்புப் பெட்டியைப் பக்கத்தில் காட்டினாலே சுருண்டு அழும்.
கறுப்பு மார்க்கர் மட்டும் பிடித்தது;
உலர மூன்று நிமிடம், அதுவரை முழங்கை படக்கூடாது.
நாலு மூலைக்கும் இரண்டு பால் டின், கத்தரிக்கோல்,
ஆறிய தேய்ப்புப் பெட்டி.
படியாத தாளில் படி எடுக்க முடியாது.
இது படிந்தது.
முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி,
நாற்பத்திரண்டு மட்டும். மற்றவர்கள் மன்னிக்கவும்.
வெட்டக் கை வரவில்லை. சுருட்டிக்கொண்டு
அறைக்குப் போய்ப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தால்
தரையில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள்,
நடுவில் ஒரு பெண்ணின் முன்பக்கம்.
இடுப்பில் பிரியாணி குவிந்திருக்கிறது,
கைக்குழியில் தயிர்ப் பச்சடி வழிகிறது.
"இதென்ன, ரோட்டு மேப்பா?" என்கிறான் பக்கீர் மீரான்,
எலும்பை வைத்த இடம் டார்ட்.
திட்ட வாயெடுத்தேன்.
பசி. கீழ்மடிப்பு ஓரமாக இடம் விட்டார்கள்,
உட்கார்ந்தேன்.

பிறகு ஈரத்துணியும் சோப்பும் போட்டு
நானும் ஞானசிகாமணியும் துடைத்தோம்.
அவனுக்குக் கை பழகின வேலை.
ஒரு கோடு நகரவில்லை. டேப் வைத்துப் பார்த்தேன்,
கைக்குழி ஏழரை, சுத்தமாக ஏழரை.

சனி விடியலில், டாக்சி நிற்க,
அதே மடிப்பில் மடித்துக் கொடுத்தேன்.
லோர்னா பிரித்து, தெருவிளக்குக்கு நேராகப் பிடித்து
துளை தேடினாள். இல்லை.
பெட்டிக்குள் செருப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே
பதினோரு பேரும் ஏறிப் போனார்கள்.

என்னிடம் ஒருத்தி.
டார்ட் முனைக்கு அரை அங்குலம் கீழே
எதற்கும் போகாத மஞ்சள் புள்ளி ஒன்று.
நாளைக்கு வேறு யாராவது வெட்டினால்
குழம்பக் கூடாதென்று
அதைச் சுற்றி வட்டம் போட்டு
எழுதி வைத்திருக்கிறேன்:
இது அளவு இல்லை.